காவிரி வழக்கை விடுங்கள், குத்தகைப் பதிவேட்டைத் திறங்கள்

கேள்வி: நன்னிலம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள் நான். டெல்டாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியில் ஓராண்டு எல்.எல்.எம். படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு 'காவிரி நதிநீர்ப் பிரச்சினை: ஒரு சட்டப் பார்வை' என்று தலைப்புக் கொடுத்தேன். 'இதில் கேள்வி எங்கே இருக்கிறது?' என்று வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். கைவசம் ஏராளமான தீர்ப்புகளை இறக்கி வைத்திருக்கிறேன், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். அதைப் பற்றி எழுதலாமா என்றும் ஒரு யோசனை. சொந்த வீட்டு விஷயம் ஆய்வாகுமா? பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி, ஆங்கிலத்தில் எழுதத் திணறுகிறேன். ஜனவரியிலிருந்து ஐந்து மாதம் அவகாசம். இந்த ஆய்வால் வேலைக்கு ஏதும் வழி உண்டா?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் வழிகாட்டி சரியாகத்தான் கேட்டிருக்கிறார். காவிரி வழக்கில் எழுத விஷயம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990 ஜூன் 2-ல் அமைந்த நடுவர் மன்றம், அடுத்த ஆண்டு வந்த 205 டி.எம்.சி. இடைக்கால உத்தரவு, 2007-ன் இறுதி உத்தரவு, 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று அது ஒரு கடல். அதனாலேயே ஐந்து மாத ஆய்வேட்டில் அது வெறும் வரலாற்றுச் சுருக்கமாகி, கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது என்று எல்லோரும் எழுதியதை மறுபடி எழுதுவதில் போய் முடியும்.

காவிரியை விடவே மனமில்லை என்றால் அதற்குள் ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். உதாரணத்துக்கு, டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துத்தான் 2018 தீர்ப்பு தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்தது. நடுவர் மன்றம் நிலத்தடி நீரை எப்படிப் பார்த்தது, உச்ச நீதிமன்றம் எந்தக் காரணத்தால் வேறு வழியில் போனது, அந்தக் காரணம் தர்க்கப்படி நிற்கிறதா என்று இரண்டு ஆவணங்களை மட்டும் பக்கத்தில் வைத்து எழுதலாம். அது ஆய்வு. ஆனால் அதைத் தில்லியில் உட்கார்ந்தும் எழுதலாம். நன்னிலத்தில் இருப்பதால் உங்களுக்கு மட்டும் கைக்கெட்டுகிற விஷயம் உங்கள் இரண்டாவது யோசனையில் இருக்கிறது. குத்தகைக்கு வாருங்கள்.

தஞ்சைப் பகுதிக்கென்றே குத்தகைச் சட்டம் போட்ட வரலாறு உண்டு: 1952-ன் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதன்பின் மாநிலம் முழுமைக்கும் 1955-ல் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1956-ல் நியாய வாரச் சட்டமும் (வாரம் என்பது விளைச்சலில் நிலவுடைமையாளருக்குத் தரும் பங்கு) வந்தன. யார் எந்த நிலத்தைச் சாகுபடி செய்கிறார் என்று அரசே பதிவேடு வைப்பதற்கு 1969-ல் இன்னொரு சட்டம். அதன்படி தயாராகும் பதிவேட்டில் புல எண், பரப்பு, நிலவுடைமையாளர் பெயர், சாகுபடி செய்பவர் பெயர் எல்லாம் ஏற வேண்டும். இவ்வளவு இருந்தும் ஊரில் பாதிப் பேச்சு வாய்மொழிக் குத்தகைதான் என்பது உங்களுக்கே தெரியும். சட்டம் இருக்கிறது, பதிவு இல்லை. ஏன்? இங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது.

அதை இப்படி ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள்: 'திருவாரூர் மாவட்டத்தில் தனியார் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்குச் செய்பவர்கள் 1969 சட்டப்படி பெயரைப் பதிந்துகொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் பதிவு நடைமுறையா, பதிவு கேட்டால் நிலமே கையைவிட்டுப் போய்விடும் என்ற பயமா?' தலைப்பு அப்புறம் தானாக வரும். அந்தக் கேள்வியில் மாவட்டம், நில வகை, சட்டம், இரண்டு சாத்தியமான விடைகள் நான்கும் இருக்கின்றன. எது விடையானாலும் அதைக் காட்ட என்ன ஆவணம் வேண்டும் என்றும் சொல்லிவிடலாம். இப்படிச் சொல்ல முடியாத கேள்வி இன்னும் பழுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'தனியார் நிலம்' என்று கட்டாயம் போடுங்கள். கீழ்த் தஞ்சையில் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொது அறக்கட்டளை நிலங்களுக்கு 1961-ன் தனிச் சட்டம் இருக்கிறது. கோயில் என்றால் அதோடு 1959-ன் அறநிலையத் துறைச் சட்டமும் சேரும். ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையர் அனுமதி வேண்டும் என்பது அதில் 34-வது பிரிவு. இரண்டு வகை நிலத்தையும் ஒரே ஏட்டில் கலந்தால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

இனி சட்டப் புத்தகம். மூலச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் திருத்தங்கள். நியாய வாரச் சட்டம் வந்தபோது நன்செயில் நிலவுடைமையாளருக்கு மொத்த விளைச்சலில் 40 சதவீதம். பிறகு வந்த திருத்தத்தில் அது 25 ஆகிவிட்டது. பழைய பதிப்பைக் கையில் வைத்திருந்தால் 40 என்றே எழுதிவிடுவீர்கள். 'இந்தியா கோட்' தளத்தில் மாநிலச் சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அங்கே உள்ள பிரதியில் கடைசித் திருத்தம் வரை ஏறியிருக்கிறதா என்று அரசிதழோடு ஒப்பிட்டே எடுங்கள். 4-ஏ, 6-பி, 16-ஏ என்று எழுத்தொட்டு வரும் பிரிவுகள் பெரும்பாலும் பின்னால் சேர்க்கப்பட்டவை. ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் நுழைந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தீர்ப்பு அந்தத் திருத்தத்துக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று தெரியாமல் மேற்கோள் காட்டினால் வாதமே சரிந்துவிடும்.

தீர்ப்புகளைத் தேடுவதில் டெல்டாக்காரர்களுக்கு என்றே சில சிக்கல்கள் உண்டு. 2004 ஜூலை 24-லிருந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயங்குகிறது. தஞ்சாவூரும் திருச்சியும் அதன் எல்லையில் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சென்னைக்கே போகின்றன. ஆக ஒரே வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் இரண்டு வயல்களின் வழக்கு இரண்டு இடத்தில் கிடக்கும். மதுரை வழக்கு எண்ணில் 'எம்.டி.' என்ற எழுத்துகள் இருக்கும். ஒன்றை மட்டும் தேடிவிட்டு 'உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு இது' என்று எழுதக் கூடாது.

அடுத்தது பெயர்கள். இந்த மாநிலம் 1969 வரை மெட்ராஸ். அதற்கு முந்தைய தீர்ப்புகளில் சட்டத்தின் பெயரே 'மெட்ராஸ் கல்டிவேட்டிங் டெனன்ட்ஸ்' என்றுதான் இருக்கும். தஞ்சாவூரை டான்ஜோர் என்றும், மயிலாடுதுறையை மாயவரம், மாயூரம் என்றும் ஆங்கிலத்தில் தேடினால்தான் பழையவை சிக்கும். மாவட்டமும் பிரிந்துகொண்டே வந்திருக்கிறது. 1991-ல் நாகப்பட்டினம், 1997-ல் திருவாரூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. 1985-ல் நன்னிலத்துக்காரர் போட்ட வழக்குக்கு 'திருவாரூர் மாவட்டம்' என்று தேடினால் எப்படி வரும்?

குத்தகை வழக்குகள் வருவாய் நீதிமன்றத்தில் தொடங்குகின்றன. 1955 சட்டத்தின் 6-பி பிரிவு வழியாக உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வாக வருவதால் அவை பெரும்பாலும் 'சி.ஆர்.பி.' (உரிமையியல் சீராய்வு மனு) என்ற வகையில் இருக்கும். தேடலில் அந்த வகையையும் சட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போட்டால் குப்பை குறையும். 1969 சட்டத்தின் 16-ஏ பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை அடைக்கிறது. ஆகவே நிலவுடைமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டு, எதிர்த்தரப்பு 'நான் குத்தகைதாரர்' என்று சொன்ன வழக்குகளையும் தனியாகத் தேடுங்கள். உங்கள் கேள்விக்கு அவைதான் அதிகம் பேசும். பதிவு இல்லாதவர் குத்தகைதாரர் என்று எதைக் காட்டி நிரூபித்தார் என்பது அந்தத் தீர்ப்புகளின் நடுப்பகுதியில் இருக்கும். வார ரசீதா, அடங்கலா (எந்த நிலத்தில் என்ன சாகுபடி என்று காட்டும் கிராமக் கணக்கு), கூட்டுறவுச் சங்கக் கடன் அட்டையா, அக்கம்பக்கத்து வயல்காரரின் சாட்சியமா? 'சாகுபடி குத்தகைதாரர்' என்றால் தன்னுடைய அல்லது குடும்பத்தாருடைய உடலுழைப்பைப் போடுகிறவர் என்று 1955 சட்டம் சொல்கிறது. அந்த உடலுழைப்பை எப்படி நிரூபிப்பது என்பதிலேயே பல வழக்குகள் தோற்றிருக்கும்.

இந்தியன் கானூன் என்ற இலவசத் தீர்ப்புத் தேடல் தளத்தை வைத்துத் தேடுவதில் தப்பில்லை. ஆனால் தேடல் அதோடு நிற்கக் கூடாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 'இ-எஸ்.சி.ஆர்.' இலவசம். அதில் தமிழாக்கமும் பல உண்டு. புரிந்துகொள்ளத் தமிழாக்கத்தைப் படிக்கலாம், மேற்கோளுக்கு ஆங்கில மூலம்தான். எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்றவற்றுக்கு உங்கள் நூலகம் சந்தா கட்டியிருந்தால், ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்பு பின்பற்றியது, எது தள்ளியது என்று அவற்றில் பார்க்காமல் எதையும் ஏட்டில் ஏற்றாதீர்கள். அச்சில் வந்த மெட்ராஸ் லா ஜர்னல், லா வீக்லி தொகுதிகளைப் பல மாணவர்கள் தொடுவதே இல்லை. 1950-70 காலத்துக் குத்தகைத் தீர்ப்புகளுக்கு அவற்றைப் புரட்டித்தான் ஆக வேண்டும். தலைக்குறிப்பு என்பது பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதியின் வாக்கு இல்லை. அதிலிருந்து மேற்கோள் எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் கேட்டு வாங்கிய தீர்ப்புப் பெயர்களும் அப்படியே. ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், தீர்ப்பே இருக்காது. முழுத் தீர்ப்பைத் திறந்து பத்தி எண்ணைப் பார்க்காத எதுவும் அடிக்குறிப்பில் ஏறக் கூடாது.

இறக்கி வைத்த குவியலில் முப்பது, நாற்பது தீர்ப்புகள் தேறினால் போதும். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கத் தாள் ஒன்று போடுங்கள். நில வகை, வழக்குப் போட்டவர் யார், எந்த மன்றத்தில் தொடங்கி எங்கே வந்தது, குத்தகைக்கு என்ன ஆதாரம் காட்டினார்கள், நீதிமன்றம் எதை ஏற்றது, எதை ஏன் தள்ளியது, பத்தி எண். நாற்பது தாளையும் 'என்ன ஆதாரம்' என்ற கட்டத்தை வைத்து அடுக்கினால் உங்கள் மூன்றாவது அத்தியாயம் கண்முன்னே நிற்கும்.

தீர்ப்பில் வராத விஷயத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. 'ஏன் பதிவு செய்வதில்லை' என்று காரணம் கேட்காதீர்கள், கருத்துச் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. 'இன்ன வட்டத்தில் 2015 முதல் 2024 வரை, ஆண்டுவாரியாக, 1969 சட்டத்தின் கீழ் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஏற்றவை எத்தனை, தள்ளியவை எத்தனை, நிலுவை எத்தனை' என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். மாவட்டம் முழுவதற்கும் ஒரே மனுவில் கேட்டால், அலுவலக வேலை பாதிக்கும் என்று அந்தச் சட்டத்தின் 7(9) பிரிவைக் காட்டிச் சுற்றி விடுவார்கள். வட்டத்துக்கு ஒரு மனு போடுங்கள். பெயர் கேட்காதீர்கள், உங்களுக்குப் பெயர் தேவையும் இல்லை. பதில் வராவிட்டால் கெடு முடிந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்தக் கணக்கைப் பார்த்தால், ஜனவரி முதல் வாரத்தில் மனு போட்டால்தான் மார்ச் நடுவில் கையில் ஏதாவது இருக்கும். பெரும்பாலோர் மூன்றாம் மாதத்தில் மனு போட்டுவிட்டு 'தகவல் கிடைக்கவில்லை' என்று ஏட்டில் எழுதுகிறார்கள். 'விண்ணப்பம் ஏதும் இல்லை' என்று ஒரு வட்டத்திலிருந்து பதில் வந்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்காதீர்கள், உங்கள் கேள்விக்கு அதுவே பெரிய சான்று.

சட்டம் எதற்காக வந்தது என்பதற்கு 1969-ன் சட்டப்பேரவை விவாதங்களைப் படியுங்கள். தமிழில் நடந்த பேச்சுகள் நிறைய. தமிழ் வழியில் படித்தது உங்களுக்கு இங்கே லாபம்.

இனி ஆட்களைப் பார்ப்பது. இதில்தான் நிதானம் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரரிடம் 'பதிவு' என்ற சொல்லோடு ஒருவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால், அந்தச் சேதி அன்று சாயங்காலமே நிலக்காரர் வீட்டுக்குப் போய்விடும். அடுத்த போகத்துக்கு நிலம் வேறு கைக்குப் போகலாம். உங்கள் ஆய்வால் ஒருவர் சாகுபடியை இழப்பது நடக்கவே கூடாத ஒன்று. ஆகவே பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதியை முதலில் வாங்குங்கள். தமிழில் ஒப்புதல் படிவம் வையுங்கள், கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் வாய்மொழி ஒப்புதலே போதும் என்று குழுவிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புல எண், ஊர்ப் பெயர், நிலக்காரர் பெயர் எதையும் குறிக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரோடு சேர்ந்து ஊருக்குள் போகாதீர்கள். அவர் நல்லவராகவே இருந்தாலும் அவர் பக்கத்தில் நிற்கும்போது கிடைக்கும் பதில் வேறு.

கேள்வியைக் காகிதத்திலிருந்து தொடங்குங்கள். 'உங்களுக்குக் குத்தகைப் பதிவு உண்டா?' என்று கேட்டால் 'அதெல்லாம் இல்லைம்மா' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'போன சம்பாவுக்கு அடங்கல் யார் பேரில் வாங்கினீங்க?' என்று கேளுங்கள். அங்கிருந்து பயிர்க் காப்பீடு யார் பேரில் கட்டினது, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டபோது பணம் யார் கணக்கில் ஏறியது, வெள்ள நிவாரணம் வந்தபோது யாருக்கு வந்தது என்று ஒவ்வொன்றாகப் பேச்சு தானே அவிழும். பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதிகள் குத்தகைதாரரையும் வாரதாரரையும் சேர்த்தே சொல்கின்றன. நடப்பில் அந்தச் சலுகை எந்த மேசையில் நின்றுபோகிறது என்பதுதான் உங்கள் நேர்காணல் காட்ட வேண்டியது.

காலமும் பார்க்க வேண்டும். தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை. அப்போது யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். வாரம் அளக்கிற நேரமும் அதுதான் என்பதால் மனத்தாங்கலும் இருக்கும். அந்த இரண்டு மாதத்தைத் தீர்ப்புகளுக்கும் மனுக்களுக்கும் வைத்துக்கொண்டு, பங்குனியில் ஊருக்குப் போங்கள். இருபது பேர் கிடைத்தாலே நல்ல ஆய்வேடுதான். ஆனால் இருபது பேரில் பதினைந்து பேர் என்றே எழுதுங்கள், 75 சதவீதம் என்று எழுதி மாவட்டத்தையே தலையில் தூக்கி வைக்காதீர்கள். நிலக்காரர்கள் நான்கைந்து பேரையும் ஒரு வழக்கறிஞரையும் பார்க்காவிட்டால் ஒருபக்கச் சாய்வு என்பார்கள், அந்தக் குறை நியாயமும்கூட.

அப்பா விஷயம். சொந்த வீட்டு அனுபவம் ஆய்வுக்குக் குறை ஆகாது, மறைத்தால்தான் குறை. 'ஆய்வாளரின் குடும்பம் குத்தகைச் சாகுபடியைச் சார்ந்தது' என்று ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்பாவை அந்த இருபதில் ஒருவராகச் சேர்க்காதீர்கள். அப்பா குத்தகை எடுத்திருக்கும் நிலக்காரரையும் பேட்டி காணாதீர்கள், அங்கே சுதந்திரமாக உங்களாலும் கேட்க முடியாது, அவராலும் சொல்ல முடியாது. அப்பாவின் உதவி வேறு இடத்தில் வேண்டும். நேர்காணல் கேள்விகளை முதலில் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்தக் கேள்விக்கு ஊரில் கோபப்படுவார்கள் என்று அவர் சொல்லிவிடுவார்.

எழுதுவதில், சோழர் காலத்து நிலதானத்தில் தொடங்கி நாற்பது பக்கம் கழித்துக் கேள்விக்கு வருகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு பக்கத்துக்குள் கேள்வி வந்துவிட வேண்டும். ஆங்கிலத் திணறலுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்ல வேண்டும் என்று தமிழில் ஒரு வரி எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் சிறு சிறு வாக்கியமாக எழுதுங்கள். தமிழில் அந்த ஒரு வரி வரவில்லை என்றால் கோளாறு ஆங்கிலத்தில் இல்லை, வாதம் இன்னும் பிடிபடவில்லை. தீர்ப்புகளின் நீள வாக்கியத்தைப் பார்த்து நகலெடுக்க வேண்டாம். வாரம், குத்தகை, அடங்கல் போன்ற சொற்களை அப்படியே வைத்து, முன்னால் ஒரு சொற்பட்டியலில் விளக்கிவிடுங்கள். அடிக்குறிப்பை எழுதும்போதே போடுங்கள், கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்கினால் பாதி மேற்கோளுக்குப் பக்க எண் கிடைக்காது.

எழுத்துத் திருட்டுச் சோதனை பற்றி எல்லோருக்கும் பயம். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள், 60-ஐத் தாண்டினால் படிப்புக்கான பதிவே ரத்து. சட்ட வாசகங்களையும் மேற்கோள் குறிக்குள் ஆதாரத்தோடு தந்தவற்றையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. மென்பொருளுக்கு இது தெரியாது. 16-ஏ பிரிவை முழுதாகத் தந்திருந்தால் அதையும் சேர்த்து எண்ணி அறிக்கை கொடுத்துவிடும். விலக்கிவிட்டுச் சோதிக்கச் சொல்லி நூலகரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வேலை பற்றி: எல்.எல்.எம். கடைசிப் பருவத்திலேயே நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் அதுவே வாசல். முனைவர் பட்ட நேர்காணலில் 'உங்கள் எல்.எல்.எம். ஆய்வேட்டில் என்ன கண்டுபிடித்தீர்கள்?' என்று கேட்பார்கள். வட்டவாரியாகத் தகவல் உரிமைப் பதில்களைக் கையில் வைத்திருப்பவருக்கு அங்கே சொல்ல ஏதாவது இருக்கும். சட்ட உதவி மையங்களிலும் நில உரிமை சார்ந்து இயங்கும் தொண்டு நிறுவனங்களிலும் இந்த அறிவுக்குத் தேவை இருக்கிறது, சம்பளம் மட்டும் முதல் சில ஆண்டுகளுக்குக் கம்மி. வழக்கறிஞராகப் போவதாக இருந்தால், வருவாய் நீதிமன்ற நடைமுறை தெரிந்த இளையவர்கள் டெல்டாவில் குறைவு என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு, அந்த ஒரு வாக்கியக் கேள்வியோடும் தகவல் உரிமை மனுவின் நகலோடும் திங்கட்கிழமை வழிகாட்டியைப் பாருங்கள். மனுவில் எண்ணிக்கை கேட்கும் வரியை அவரையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.